அப்பீல் போட்டுவிட்டோம் என்று சொல்லி ரீஃபண்டை நிறுத்தி வைக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் ஜி.எஸ்.டி. சோதனை நடந்த அன்று இரவே, வந்திருந்தவர்கள் சொன்னபடி டி.ஆர்.சி-03 (தானாக முன்வந்து வரி கட்டுவதற்கான படிவம்) போட்டு 18,40,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். நோட்டீஸும் இல்லை, ஆணையும் இல்லை, இது சட்டப்படி வாங்கிய பணமே அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசின் செயலை எதிர்த்துப் போடும் மனு) போட்டு ஜெயித்தீர்கள். எட்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தனி நீதிபதி உத்தரவிட்டார். பதினான்கு வாரம் ஓடிவிட்டது. இப்போது, ‘இந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டுள்ளது, அது முடியும் வரை தொகையை வழங்க இயலாது’ என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஜெயித்தும் பணம் கிடைக்காதா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பதன் சாரம் இதுதான்: கொடு என்று கோர்ட் சொன்ன பணத்தை, அப்பீலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் துறை தானாகவே நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. நிறுத்துவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு ஒரு காகிதம் வேண்டும். உங்களுக்கு வந்த கடிதம் அந்தக் காகிதம் அல்ல.

நான் வரி வழக்குகளை மட்டுமே பார்க்கும் வக்கீல். 1959-ஆம் வருஷத்து விற்பனை வரிச் சட்டம் நடப்பில் இருந்தபோது ஜூனியராகச் சேர்ந்தேன். பிறகு 2007-இல் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சட்டம் இரண்டு முறை மாறியும் இந்தக் கடிதத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை. உங்கள் தீர்ப்பை நான் படிக்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் பொதுவாக உறுதியானது எது, உங்கள் தீர்ப்பின் வாசகத்தைப் பொறுத்தது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். அப்பீல் வேறு, ஸ்டே (தடை உத்தரவு) வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் ஆணை 5-ஆம் விதி இதை நேராகவே சொல்கிறது: மேல்முறையீடு செய்ததாலேயே கீழ்க் கோர்ட்டின் உத்தரவு நின்றுவிடாது, மேல் கோர்ட் தனியாகத் தடை கொடுத்தால்தான் நிற்கும். அந்த விதி சிவில் வழக்குகளுக்காக எழுதப்பட்டது என்றாலும் ரிட் அப்பீலிலும் இதே கொள்கைதான். வரி அதிகாரிகளுக்கென்றே உச்ச நீதிமன்றம் 1991-இல் கமலாக்ஷி ஃபைனான்ஸ் வழக்கில் இதைக் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. மேல்நிலை அமைப்பின் உத்தரவு துறைக்கு ஏற்புடையதாக இல்லை என்பதோ, அதன்மேல் அப்பீல் இருக்கிறது என்பதோ அதைப் பின்பற்றாமல் இருக்கக் காரணம் ஆகாது. தகுந்த கோர்ட் அதை நிறுத்தி வைத்திருந்தால் மட்டுமே விலக்கு. இது கலால் வரி வழக்கு. ஆனால் இன்றைக்கும் ரீஃபண்ட் வழக்கு எது வந்தாலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இதுதான்.

ஜி.எஸ்.டி. சட்டத்துக்குள்ளேயே இன்னும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. 54-ஆம் பிரிவின் 11-ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். ரீஃபண்டுக்குக் காரணமான உத்தரவு அப்பீலில் இருக்கும்போதோ, இந்தச் சட்டத்தின் கீழ் வேறு நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போதோ, பணத்தைக் கொடுத்தால் அந்த வழக்கில் அரசின் வருவாய் பாதிக்கப்படும் என்று கமிஷனர் கருதினால் அவர் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்தப் பாதிப்பு மோசடியாலோ முறைகேட்டாலோ வருவதாக இருக்க வேண்டும். உங்களைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே நிறுத்த வேண்டும். முடிவு கமிஷனருடையது, உங்கள் வட்டத்து அதிகாரி எடுக்கிற முடிவு அல்ல. நிறுத்தினால் காரணத்தோடு ஆர்.எஃப்.டி-07 படிவத்தில் ஆணை வர வேண்டும். அப்பீல் போட்டாலே பணம் நின்றுவிடும் என்றால் நாடாளுமன்றம் இத்தனை நிபந்தனைகளோடு தனியாக ஒரு உட்பிரிவை ஏன் எழுத வேண்டும்? டெல்லி உயர் நீதிமன்றம் 2023-லும் அதற்குப் பிறகும் பல வழக்குகளில் இந்த வழியில்தான் தீர்ப்பளித்திருக்கிறது: ஸ்டே இல்லாதபோது, அப்பீல் போடப் போகிறோம் என்பது பணத்தைக் கொடுக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. டெல்லித் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மத்தியச் சட்டத்தை இன்னொரு உயர் நீதிமன்றம் எப்படிப் படித்தது என்பதற்கு இங்கே மதிப்பு உண்டு.

வரி கட்டுபவர் பக்கத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். உங்களுக்கு எதிராக ஆணை வந்து நீங்கள் அப்பீல் போக வேண்டியிருந்தால், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டினால் மீதியை வசூலிப்பது தானாக நின்றுவிடும் என்று சட்டமே சொல்கிறது. துறை உங்கள்மேல் அப்பீல் போகும்போது அது எதையும் கட்டுவதில்லை. அதற்கு ஈடாகத் தானாக நிற்கும் சலுகையும் அதற்குக் கிடையாது. உங்களுக்கு வந்த கடிதம், சட்டம் தராத அந்தச் சலுகையைத் துறை தானே எடுத்துக்கொண்டதாக இருக்கிறது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ராத்திரியில் கடையில் உட்கார வைத்து வாங்கிய பணத்தை, கோர்ட் சொன்ன பிறகும் ஒரு கடிதத்தால் நிறுத்த முடியும் என்றால், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 265-ஆம் பிரிவுக்கு என்ன பொருள்?

இனி அந்தக் கடிதத்தைக் கையில் எடுங்கள். அப்பீல் எண் என்று என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘டபிள்யூ.ஏ.’ (ரிட் அப்பீல்) என்று போட்டு, எண்ணும் வருஷமும் இருக்கிறதா? அல்லது ‘டபிள்யூ.ஏ.எஸ்.ஆர்.’ என்று இருக்கிறதா? எஸ்.ஆர். என்றால் காகிதத்தைத் தாக்கல் செய்திருக்கிறார்கள், இன்னும் எண் ஆகவில்லை என்று பொருள். குறை சரிசெய்யத் திருப்பியிருக்கலாம், தாமத மனு விசாரணைக்கு வராமல் இருக்கலாம். அந்த நிலையில் அப்பீல் என்று சொல்லிக்கொள்ள ஒரு கட்டு மட்டுமே இருக்கிறது, ஸ்டே மனு நீதிபதிகள் முன் போயிருக்காது. சில வருஷங்களுக்கு முன் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவர் இதே மாதிரிக் கடிதத்தோடு வந்தார். பதினோரு மாதமாக அந்தக் கடிதத்தை நம்பி உட்கார்ந்திருந்தார். உயர் நீதிமன்ற இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் எஸ்.ஆர். நிலையிலேயே இருந்தது, குறை சரிசெய்ய எடுத்துப் போன கட்டைத் திரும்பத் தாக்கல் செய்யவே இல்லை. நாங்கள் அவமதிப்பு மனு போட்ட பிறகுதான் அதற்கு எண்ணே வாங்கினார்கள்.

உங்கள் கணக்கிலும் தாமதம் இருக்கத்தான் வேண்டும். தனி நீதிபதியின் உத்தரவை எதிர்த்து டிவிஷன் பெஞ்சுக்கு (இரண்டு நீதிபதிகள் அமர்வு) ரிட் அப்பீல் போகக் கெடு 30 நாள்; நகல் வாங்க ஆன நாட்கள் மட்டும் கழியும். நீங்கள் சொல்கிற தேதிகளை வைத்துப் பார்த்தால் அது தாண்டியிருக்கும். எனவே தாமதத்தை மன்னிக்கும் மனுவும் சேர்ந்தே போயிருக்கும், அதில் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். கோப்பு மேசை மேசையாகப் போனது என்ற வழக்கமான காரணத்தை அரசு சொன்னால் அப்படியே ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் லிவிங் மீடியா வழக்கில் சொல்லியிருக்கிறது. அது அஞ்சல் துறை போட்ட அப்பீல், 427 நாள் தாமதம். ஆனால் சில வாரத் தாமதத்தை நம் டிவிஷன் பெஞ்சுகள் பெரும்பாலும் மன்னித்துவிடுகின்றன. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஸ்டே மனு விசாரணைக்கு வந்தால் என்ன ஆகும்? இங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. அப்பீலில் பார்த்த மாத்திரத்தில் வலு இருக்கிறதா, பணம் கைமாறினால் யாருக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம், யார் பக்கம் சிரமம் அதிகம் என்பதையெல்லாம் கோர்ட் எடை போடும். துறையின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதைக் கேலி செய்ய மாட்டேன். பொதுப் பணத்தைக் கொடுத்த பிறகு வியாபாரி கடையை மூடிவிட்டால், அப்பீலில் ஜெயித்தாலும் வசூலிக்க ஆள் இருக்காது. அப்படி ஓடிப்போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் உங்கள் வாதம் எளிது: தவறாகப் போன ரீஃபண்டைத் திரும்பப் பிடிக்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் துறைக்கு இருக்கிறது, இத்தனை வருஷமாக அதே இடத்தில் கடை, ஒழுங்காக ரிட்டர்ன், சொத்து இங்கேயே இருக்கிறது. பண விஷயத்தில் கோர்ட்டுகள் பல சமயம் நடுவழி எடுக்கின்றன. பாதித் தொகையைக் கொடு என்பார்கள். முழுத் தொகையையும் கோர்ட்டில் கட்டு என்பார்கள். வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு கொடு என்பார்கள். உங்கள் வழக்கில் எது வரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். வங்கி உத்தரவாதம் என்று பேச்சு வந்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். வங்கி கமிஷனும் எடுக்கும், ஒரு தொகையை டெபாசிட்டாகவும் பிடித்து வைக்கும். சொத்துப் பத்திரத்தின்மேல் உறுதிமொழி கொடுக்கிறேன் என்று உங்கள் வக்கீலை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

உங்களைக் கேட்காமல் கோர்ட் ஸ்டே கொடுத்துவிடக் கூடாது என்றால் கேவியட் என்ற முன்னெச்சரிக்கை மனுவைப் போட்டு வையுங்கள். செலவு கொஞ்சம்தான், 90 நாள் நிற்கும், முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். டிவிஷன் பெஞ்சில் தோற்றாலும் துறை உச்ச நீதிமன்றம் போக 90 நாள் கெடு உண்டு, அங்கேயும் கேவியட் போடலாம். இன்னொன்று. ஸ்டே கிடைத்தாலும் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புக் கொடுத்தது உண்மை. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இப்போது ஸ்டேயை விலக்க நீங்கள்தான் மனு போட வேண்டும்.

ஸ்டே இல்லை, ஆர்.எஃப்.டி-07 ஆணையும் இல்லை, கெடுவும் தாண்டிவிட்டது என்றால் அடுத்தது நீதிமன்ற அவமதிப்பு மனு. அவமதிப்பு நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். 1971-ஆம் வருஷச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அது. உங்கள் எட்டு வாரம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று தீர்ப்பின் கடைசிப் பத்தியில் பாருங்கள். ‘இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து’ என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அப்படியானால் நகலை அலுவலகத்தில் கொடுத்ததற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? என் மேசைக்கு வருகிற பத்து வழக்கில் மூன்று நான்கு இங்கேதான் சறுக்குகிறது. ‘நேரில் போய்க் கொடுத்தேன் சார், வாங்கிக்கொண்டார்’ என்பார்கள். வாங்கியவர் கையெழுத்தும் இருக்காது, தபால் பிரிவு முத்திரையும் இருக்காது. அந்த ஊதா முத்திரையும் அதில் தேதியும் இருந்தால்தான் உங்கள் கெடு தொடங்கியது என்று காட்ட முடியும். இல்லையென்றால் இன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு நகலை அனுப்புங்கள். எட்டு வாரத்தை அந்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு.

அவமதிப்பு மனு போட்டால் உடனே பணம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டே மனு அப்பீலோடு நிலுவையில் இருக்கும்போது அதை முதலில் கேட்டு முடிப்பதே நல்லது என்று உச்ச நீதிமன்றம் மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் மனு ஒன்றிரண்டு வாய்தா தள்ளிப்போகலாம். அதில் ஒரு நன்மையும் உண்டு. எஸ்.ஆரில் கிடக்கும் அப்பீல் அப்போதுதான் எண் வாங்கி, காஸ் லிஸ்டில் (அன்றாட வழக்குப் பட்டியல்) வந்து, ஸ்டே மனு ஒரு முடிவுக்கு வரும். ஸ்டே கிடைக்கவில்லை என்றால் துறைக்கு அதன் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது.

உங்கள் தீர்ப்பின் வாசகத்தைப் பொறுத்த விஷயம் இனிமேல். ‘எட்டு வாரத்துக்குள் தொகையைத் திருப்பித் தர வேண்டும்’ என்று இருக்கிறதா, ‘மனுதாரரின் ரீஃபண்ட் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்து எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்’ என்று இருக்கிறதா? இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது பணம் கொடுக்கச் சொல்கிற உத்தரவு. இரண்டாவதில், பரிசீலித்து மறுத்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும். அவமதிப்பு நிற்காது, மறுப்பை எதிர்த்துத் தனியாகப் போக வேண்டும். அங்கே வரிச்சுமையை வாடிக்கையாளர்மேல் ஏற்றிவிட்டீர்களா என்ற கேள்வியும் வரும். ஏற்றியிருந்தால் அந்தப் பணம் உங்களுக்கு வராது, நுகர்வோர் நல நிதிக்குப் போகும். 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதை நிலைநாட்டிவிட்டது. சோதனை இரவில் கையிலிருந்து கட்டிய பணத்துக்கு பில் கிடையாது, அதனால் நீங்கள் யார்மேலும் ஏற்றவில்லை என்று காட்டுவது கடினமில்லை. ஆனால் 2 லட்சத்துக்கு மேல் என்பதால் ஆடிட்டர் சான்றிதழ் கேட்பார்கள். இப்போதே வாங்கி வையுங்கள்.

உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். சோதனை எதற்காக வந்தது? போலி பில்லில் உள்ளீட்டு வரி (சரக்கு வாங்கும்போது கட்டியதாகக் கழித்துக்கொள்ளும் வரி) எடுத்ததாகக் குற்றச்சாட்டு இருந்து, அதற்குப் பிறகு நோட்டீஸும் வந்திருந்தால், 54(11) கேட்கிற ‘மோசடி’ என்ற சொல்லைத் துறை அங்கிருந்து எடுக்கும். அப்போதும் கமிஷனர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுத்தில் ஆணை போட வேண்டும் என்பது மாறாது. ஆனால் ஆணை வந்தால் அதை உடைப்பது நான் மேலே சொன்ன அளவுக்குச் சுலபம் இல்லை. நோட்டீஸ் இருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வட்டியைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். கோர்ட் உத்தரவு கையில் இருந்தாலும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எஃப்.டி-01 விண்ணப்பத்தை, ‘மதிப்பீடு, மேல்முறையீடு அல்லது வேறு உத்தரவின் காரணமாக’ என்ற வகையில் போட்டாக வேண்டும். வட்டிக்கான 60 நாள் அந்த விண்ணப்பத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. போடவில்லையென்றால் அது ஓடவே தொடங்கியிருக்காது. உத்தரவு உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வீதம் வருஷத்துக்கு 6 சதவீதம். உத்தரவு இறுதியான பிறகும் கொடுக்காமல் இருந்தால் 9. அப்பீல் நிலுவையில் இருக்கும் வரை உங்கள் உத்தரவு இறுதியானது என்று சொல்வது கஷ்டம், அதனால் 6 என்றே கணக்கு வையுங்கள். உயர் நீதிமன்றம் கொடுத்த 9-ஐ உச்ச நீதிமன்றம் 2022-இல் வில்லோவுட் வழக்கில் 6 ஆகக் குறைத்தது. உங்கள் தீர்ப்பிலேயே வட்டி வீதம் எழுதியிருந்தால் அதுவே நிற்கும். 18,40,000-க்கு 6 சதவீதம் என்றால் மாதம் 9,200 ரூபாய். இந்தப் பணத்துக்குப் பதிலாக வங்கியில் 11 சதவீதத்துக்கு ஓ.டி. (ஓவர் டிராஃப்ட் கடன்) ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மாதம் 16,867 ரூபாய் போகிறது. மாதம் ஏழாயிரத்து அறுநூறுக்கு மேல் நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, வங்கி ஸ்டேட்மென்டோடு ஸ்டே மனுவுக்கான எதிர் வாக்குமூலத்தில் இணைக்கச் சொல்லுங்கள். யாருக்குச் சிரமம் அதிகம் என்று கோர்ட் கேட்கும்போது, பத்துப் பக்க வாதத்தைவிட அந்த ஒரு பக்கம் பேசும்.

கீழே ஒருவர் தன் வருமான வரி ரீஃபண்டுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். அங்கே பாதை வேறு. 1961-ஆம் வருஷச் சட்டத்தில் அப்பீல் நிலுவையைக் காரணம் காட்டி நிறுத்தும் அதிகாரம் 241-ஆம் பிரிவில் இருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2017-இல் கொண்டுவந்த 241ஏ மதிப்பீடு நிலுவையில் இருக்கும்போது நிறுத்துவதற்கு, அப்பீலுக்கு அல்ல. 2023-இல் அது 245-ஆம் பிரிவுக்குள் போனது. அவர் தனியாகக் கேட்டால் அங்கே எழுதுகிறேன்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கடிதம். அதிகாரிக்கும் கமிஷனருக்கும் சேர்த்து, மரியாதையாக, நான்கு வரிகளில்: உத்தரவு தேதி இது, நகல் கிடைத்த தேதி இது, டிவிஷன் பெஞ்ச் தடை உத்தரவு ஏதும் இருந்தால் அதன் நகலும், 54(11)-இன் கீழ் ஆணை ஏதும் இருந்தால் அதன் நகலும் ஏழு நாளில் தரவும், இல்லையென்றால் தொகையை வழங்கவும். முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவமதிப்பு மனுவுக்கு அதுவே முதல் ஆவணம். கூடவே, தீர்ப்பின் கடைசிப் பத்தியை, பெயரையும் எண்ணையும் மறைத்து, இங்கே அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். இரண்டு வாசகத்தில் உங்களுடையது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.